இரண்டாவதை முதலாவதாக்கினேன்

என் மகள் டொக்டராகவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா என்பது எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் பதினேழு வயதில் அவள் நிதானமாக யோசித்து எடுத்த முடிவொன்றை அவளுக்குத் தெரியாமல் மாற்றியவன் நான். தன்னுடைய கவனக்குறைவால்தான் அப்படி நடந்தது என்று பன்னிரண்டு வருடங்களாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவனும் நான்தான்.

அப்போது நாங்கள் சிட்னியில் கிரவீனில் இருந்தோம். நான் இலங்கையில் பொறியியல் படித்தவன். சிட்னியில் ஒரு கட்டட நிறுவனத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். அறுபத்தொரு வயதில், ஆட்களைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஒரு கடிதத்தைத் தந்து அனுப்பிவிட்டார்கள். நண்பர்களிடம் ஓய்வு எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிந்திப் பிறந்த எங்கள் ஒரே பிள்ளை அந்த வருடம்தான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மெடிசின்தான். இந்த நாட்டில் அதற்கு இரண்டு வழி. பள்ளிக்கூடம் முடித்த உடனே, மிக உயர்ந்த புள்ளிகளோடும் நேர்முகத் தேர்வோடும் நேராக உள்ளே போவது ஒன்று. வேறு ஏதாவது ஒரு பட்டத்தை மூன்று வருடம் படித்து, அதில் நல்ல புள்ளி எடுத்து, இன்னொரு பரீட்சையும் எழுதி, அதன் பிறகு போவது மற்றது. முதல் வழி அவளுக்கு அடைபட்டுப்போனது. புள்ளிகள் நன்றாகத்தான் வந்தன, ஆனால் நேர்முகத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது. டிசம்பரில் பரீட்சை முடிவு வருகிற அன்று காலையிலிருந்தே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். "பிள்ளைக்கு எத்தினை?" என்பது முதற் கேள்வி. "அப்ப எந்த யூனி?" என்பது அடுத்தது. கேட்பவர்களுக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், அல்லது ஒரு காலத்தில் இருந்திருப்பார்கள். மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "இஞ்ச இருந்தா சனம் பிள்ளையைப் பிடுங்கித் தின்றுபோடும்" என்று சொல்லி, மெல்பேர்னில் கிரான்பர்னில் இருக்கும் தன் தங்கையின் வீட்டுக்கு மகளை அனுப்ப முடிவெடுத்தாள்.

போவதற்கு முதல்நாள் மகள் எங்கள் இருவரையும் சாப்பாட்டு மேசையில் இருத்தினாள். கையில் ஒரு தாள். இரண்டு பல்கலைக்கழகங்களை எழுதி நடுவில் கோடு போட்டிருந்தாள். ஒன்று ஊரெல்லாம் அறிந்த பெரிய பெயர். மற்றது வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்கள் "ஆ, உதுவோ" என்று கேட்கிற இடம். அதைத்தான் அவள் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகப் போட்டிருந்தாள்.

"மெடிசினுக்கு நான் போகத்தான் போறன் அப்பா. சுத்திப் போறன், அவ்வளவுதான்" என்றாள்.

கிட்ட இருக்கும் பல்கலைக்கழகம் அவளுக்கு ஓர் உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருந்தது. வருடா வருடம், மூன்று வருடத்துக்கு. படிப்புக் கட்டணத்தை எப்படியும் அரசாங்கம் கடனாகத் தந்து பின்னாளில் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு பட்டம் படிக்கப் போகிறவளுக்கு அந்தக் கடனும் இரட்டிப்பு. முதலாவது பட்டத்தை எவ்வளவு மலிவாக முடிக்கலாமோ அவ்வளவு மலிவாக முடிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. உதவித்தொகை இருந்தால் பின்னேரங்களில் வேலைக்குப் போகத் தேவையில்லை. படிப்பது மட்டும்தான் வேலை.

"பேர் இல்லாத இடத்தில படிச்சா பிறகு மெடிசினுக்கு எடுப்பினமோ?" என்று கேட்டேன்.

"அவையிட்டையே போன் பண்ணிக் கேட்டனான். எந்த யூனி எண்டு பாக்க மாட்டினம். மாக்ஸ்தான்."

"போனில அப்பிடித்தான் சொல்லுவினம். இன்டர்வியூவில எங்க படிச்சனி எண்டு கேப்பினம்."

"அது உங்கட காலத்துக் கொழும்பு அப்பா."

"கொழும்பிலையும் உவரை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உதவித்தொகைக்கு ஒரு படிவம் இருந்தது. குடும்ப வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது அது. தகப்பன் வேலை இழந்தவர் என்ற பெட்டியில் அடையாளம் போட்டு, கீழே நான் கையெழுத்து வைக்க வேண்டும். மகள் அந்தப் பெட்டியைத் தானே நிரப்பிவிட்டு, நான் வாசிக்க வேண்டியதில்லை என்பதுபோலத் தாளை மடித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினாள். அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் நாகரிகம் இப்போது நினைத்தால் எனக்கு வலிக்கிறது. அன்று எரிச்சல்தான் வந்தது.

காலையில் பூங்காவில் நாங்கள் நாலைந்து பேர் நடப்போம். எல்லோரும் யாழ்ப்பாணத்தார், எல்லோரும் அறுபது கடந்தவர்கள். அவர்களில் வங்கியில் வேலை பார்த்த ஒருவரின் மகன் இரண்டு வருடத்துக்கு முன் நேராக மருத்துவத்துக்குப் போயிருந்தான். மகள் மெல்பேர்னுக்குப் போன அடுத்த நாள் அவர் கேட்டார்.

"ஐசே, பிள்ளை எங்க போறா?"

நான் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சயன்ஸ் தானே? பரவாயில்லை. அந்தப் பேர் இருந்தா பிறகு எங்கையும் போகலாம். நான் பயந்திட்டன், உந்தப் பக்கத்தில இருக்கிறதுக்கு விட்டிட்டீரோ எண்டு."

"விசரே எனக்கு?" என்றேன்.

பின்னால் நடந்து வந்தவர் சிரித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம், நான் சொன்ன பொய்யை எப்படி உண்மையாக்கலாம் என்று என் மூளை வேலை செய்ததே தவிர, எப்படித் திருத்தலாம் என்று செய்யவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பமெல்லாம் இணையத்தில்தான். கணக்கை வருடத் தொடக்கத்தில் திறந்தபோது என்னுடைய மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். மகள் மாதத்தில் ஒருமுறைதான் தன் மின்னஞ்சலைத் திறப்பாள். அப்பா பார்த்தால் ஒன்றும் தவறாது என்று அவளே சொன்னாள். எங்கள் வீடுகளில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பிள்ளையின் கடவுச்சொல் தகப்பனின் டயரியில் இருக்கும்.

விருப்பங்களை மாற்றுவதற்கான கடைசி நாளன்று மகள் அழைத்தாள். சித்தியோடு ஸ்பிரிங்வேல் சந்தையில் நின்றாள். பின்னால் யாரோ மாம்பழ விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, ஒருக்கா லொக் இன் பண்ணி எல்லாம் சரியா இருக்கோ எண்டு பாருங்கோ. இண்டைக்குத்தான் கடைசி."

"ஓம், பாக்கிறன்."

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கணினியைத் திறந்தேன். எல்லாம் அவள் விட்டபடியே சரியாக இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக வரிகள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்ன அம்புக்குறி. அதை அழுத்தினால் அந்த வரி ஒரு படி மேலே ஏறும். நான் இரண்டாவது வரியின் அம்பை அழுத்தினேன். அது முதலாவதானது. நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மாற்றம் பதிவானதாக என் முகவரிக்கே மின்னஞ்சல் வந்தது. அதை அழித்தேன். பிறகு மகளை அழைத்தேன்.

"எல்லாம் சரி பிள்ளை."

"தாங்ஸ் அப்பா. உங்களுக்கு மாம்பழம் வேணுமோ?"

அவளுடைய நன்மைக்காகத்தான் செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. பெயர் முக்கியம் என்று உண்மையாகவே நம்பினேன். என் இளமையில் எனக்கும் மருத்துவம் சில புள்ளிகளால் தவறிப்போனது. அதனால் கதவுகள் எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று எனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம். ஆனால் அந்த மத்தியானம் என் விரலை அழுத்தவைத்தது அதுவல்ல. வேலை இழந்தவன் என்று நான் கையெழுத்து வைத்த தாள் ஒன்று எங்கேயோ ஒரு கந்தோரில் இருந்தது. என் மகள் மூன்று வருடம் அந்தத் தாளின் பெயரில் படிக்கப் போகிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

முதற் சுற்றில் ஒருவருக்கு ஒரே ஓர் இடம்தான் தருவார்கள். பட்டியலில் மேலிருந்து பார்த்து, தகுதியுள்ள முதலாவதைத் தருவார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முன் அறிவிப்பு வந்தது, பெரிய பல்கலைக்கழகம்தான். மகள் கிரான்பர்னிலிருந்து அழைத்தாள்.

"அப்பா, நான் மற்றதைத்தானே முதல் போட்டனான்?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் கத்தியிருப்பாள், மனைவி ஒரு மாதம் என்னோடு பேசியிருக்க மாட்டாள், அவ்வளவுதான்.

"நான் பாக்கேக்க இப்பிடித்தான் இருந்தது" என்றேன்.

"அப்ப நான்தான் பிழையாப் போட்டிட்டனோ?"

"பதட்டத்தில நடந்திருக்கும். விடு பிள்ளை, நல்லதுக்குத்தான்."

உதவித்தொகை முதற் சுற்றில் வருபவர்களுக்கு மட்டும்தான். அது இல்லாமல் மற்ற இடத்துக்கு மாறுவதில் பயன் இல்லை என்று அவள் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, கிடைத்ததை ஏற்றுக்கொண்டாள். சிட்னிக்குத் திரும்பி வந்தபோது ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ரெயின் பயணம். பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் ஒரு மருந்துக்கடையில் வேலை. நான் வேலை தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. முதல் வருடப் புள்ளிகள் விழுந்தன. பிந்திய வருடங்களில் தூக்கிவிட்டாள், ஆனால் மூன்று வருடத்துக்கும் சராசரி எடுப்பார்கள். மருத்துவ நுழைவுப் பரீட்சையை மூன்று முறை எழுதினாள். ஒரே ஒரு முறை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "ஒருத்தரும் எந்த யூனி எண்டு கேக்கேல்லை அப்பா" என்றாள். குத்திக் காட்டவில்லை, செய்தியாகத்தான் சொன்னாள். அந்த இடமும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதவில்லை.

இப்போது மெல்பேர்னில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கல்யாணம் முடித்து கிரான்பர்னில், சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எந்தப் படிவத்தையும் மூன்று தரம் வாசிப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பாள். விமான டிக்கெட் எடுத்தால் திகதியை எனக்கு வாசித்துக் காட்டி, என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லுவாள். மருமகன் பகிடி பண்ணுவார். மனைவி இருந்தபோது அவளும், "ஃபோர்ம் நிரப்பத் தெரியாததாலதான் இவள் டொக்டராகேல்லை" என்று சிரித்துச் சொல்லுவாள். மகளும் சேர்ந்து சிரிப்பாள். மனைவி போய் நாலு வருடம். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

இந்த வருடம் மகளிடம் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை மடிக்கணினியோடு வந்தாள். தகப்பன் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். பிள்ளைக்கு மெடிசின் படிக்க ஆசை, நேராகக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. குசினி மேசையில் மகளும் அவளும் இருந்தார்கள். நான் ஜன்னலோரக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கிட்ட இருக்கிற யூனில ஸ்காலர்ஷிப் தர்றாங்க. ஆனா எங்க அப்பா பெரிய யூனிதான் போகணும்னு ஒரே பிடிவாதம். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாராம்."

மகள் சிரித்தாள். "சொன்னா சொல்லட்டும். நீ மாக்ஸ் எடுக்கிற இடத்துக்குப் போ. ஆனா ஒண்டு. லிஸ்டைப் போட்டிட்டு மூண்டு தரம் பார். நான் என்ர கையால பிழையாப் போட்டு என்ர ஸ்காலர்ஷிப்பை விட்டவள். கேர்லெஸ். என்னைப் போல இருக்காத."

"நீங்களா? நீங்க டெய்லி கார் கதவையே மூணு வாட்டி பாக்குறீங்க."

"அதாலதான் பாக்கிறன்."

நான் பேப்பரை மடித்தேன். வயது எழுபத்துமூன்று, இதய மாத்திரை இரண்டு, இனி எத்தனை தரம் இந்தக் குசினிக்கு வருவேன் என்று தெரியாது. இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை. அந்தச் சொல்தான் பொறுக்க முடியாமல் இருந்தது. கேர்லெஸ்.

"நீ பிழையாப் போடேல்லை பிள்ளை. நான்தான் மாத்தினது" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னத்தை?"

"லிஸ்டை. நீ ஸ்பிரிங்வேலில நிண்டு பாக்கச் சொன்ன அண்டைக்கு. நீ சரியாத்தான் போட்டிருந்தனி. நான் மேல கீழ மாத்தினனான்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை மடிக்கணினியை மெதுவாக மூடி, "நான் அப்புறம் வர்றேன் அக்கா" என்று எழுந்தாள். மகள் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். கதவைப் பூட்டினாள். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. வந்து என் முன்னால் நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அம்மா செத்துப்போறவரைக்கும் என்னைச் சொல்லிச் சிரிச்சவா. நீங்களும் பக்கத்தில இருந்து சிரிச்சனீங்கள்."

"ஓம்."

"ஏன் மாத்தினனீங்கள்?"

பெயருக்காக, கையெழுத்துக்காக, பூங்காவில் நடக்கிற நாலு பேருக்காக என்று வரிசையாகச் சொன்னேன். மேலே எழுதியதைத்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மேலே தன் அறைக்குப் போனாள். இரவு மருமகன்தான் சாப்பாடு போட்டார். அவருக்கும் தெரிந்திருந்தது. "சோறு காணுமோ மாமா, இன்னும் போடவோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் அவளேதான் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். பாதி வழி கடந்தது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கள் மாத்தாட்டிலும் எனக்கு மெடிசின் கிடைச்சிருக்குமோ தெரியாது. கிடைக்காமலும் போயிருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இனி ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை. அதுதான் எனக்குக் கோவம்."

"மன்னிப்புக் கேக்கிறன் பிள்ளை."

"கேளுங்கோ. நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை." பெட்டியை இறக்கித் தந்தாள். "வாற கிழமை போன் எடுக்க மாட்டன். அதுக்கடுத்த கிழமை பாப்பம்."

ஞாயிறு காலைகளில் அழைப்பது அவள் வழக்கம். முதல் ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு பத்து மணிக்கு அழைத்தாள். சுகம் கேட்கவில்லை.

"அப்பா, ஒண்டு யோசிச்சனான். ஸ்காலர்ஷிப் தாறம் எண்டு சொன்ன ஆக்கள், நான் வரேல்லை எண்டோன்ன ஒரு கடிதமும் போடேல்லையோ? ஈமெயில் உங்கட அட்ரஸுக்குத்தானே வந்தது."

இதை நான் குசினியில் அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையிலும் அது நடந்த இடத்தில் எழுதவில்லை, விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். கடிதம் மின்னஞ்சலில் வந்தது. புதுவருடம் பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ. நீங்கள் எங்களை முதல் விருப்பமாக வைத்திருந்து கடைசி நாளில் மாற்றியிருக்கிறீர்கள், இது தவறுதலாக நடந்திருந்தால் ஒரு கிழமைக்குள் அழையுங்கள், இடத்தையும் உதவித்தொகையையும் அதுவரை வைத்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள். யாரை அழைக்க வேண்டும் என்றும் இருந்தது. மகள் அப்போது வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த அறையில் மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்பை அழுத்தியது ஒரு நிமிட வேலை. இந்தக் கடிதத்தை நான் ஏழு நாள் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் திறந்து வாசித்தேன். எட்டாம் நாள் அழித்தேன்.

அதையெல்லாம் அவளிடம் சொன்னேன். இடையில் எதையும் விடவில்லை.  

"வேற என்ன இருக்கு?" என்றாள்.

"வேற ஒண்டும் இல்லை."

"உடன சொல்லாதேங்கோ அப்பா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள்.